மடியில் போட்ட பின்னல்

டண்டி, ஸ்காட்லாந்து
28.10.2024

அஞ்சுவின் அப்பாவுக்கு ஷியாமளா எழுதுவது.

நான் சுகம். அங்கே உங்கள் சர்க்கரையும் பிரஷரும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை ஞாயிற்றுக்கிழமையே விழுங்க வேண்டும். பட்டாளத்தில் இருந்தவருக்கு இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்பீர்கள். அஞ்சு ஃபோனை அடுக்களை மேடையில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மருமகன் ரதீஷ் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவுகிறான். நமக்குள் பேச வேண்டியதை அதில் எப்படிப் பேசுவது? நல்ல வேளை, நம் மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அவளை மலையாளம் மீடியத்தில் சேர்த்தபோது உங்களோடு சண்டை போட்டேன். இப்போது அது உபகாரமாகிவிட்டது.

குளிர் நான் பயந்த மாதிரி இல்லை, அதைவிடக் கூடுதல். ஆனால் அதிலும் சில சுகங்கள் உண்டு. சுவரோடு ஒரு சூட்டுப்பெட்டி இருக்கிறது. உடுக்க வேண்டிய துணியைப் பத்து நிமிஷம் அதன்மேல் போட்டு எடுத்து உடுத்தினால் அன்றைக்கு முழுவதும் யாரிடமும் கோபமே வருவதில்லை. ஐந்து மணிக்கு முன்னே இருட்டிவிடும். பால் இல்லாத கட்டன்சாயா கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன்.

ரதீஷுக்குக் கரும்பச்சை ஸ்வெட்டர், அஞ்சுவுக்குச் சாம்பல் கார்டிகன், போன வருஷம் அனுப்பிய கையுறை, எல்லாம் தினமும் உழைக்கின்றன. நம் கேரளத்துக் கொல்லயில் ஊரில் இருந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுவது மீனுக்குக் குடை பிடிப்பது போல என்று உங்களை எத்தனை முறை கேலி செய்திருப்பேன்! இங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

சங்கடமும் அதில்தான் வந்திருக்கிறது. இங்கே லைப்ரரியில் புதன்கிழமை தோறும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடிப் பின்னுகிறார்கள். எல்லாம் என் அம்மாவின் கைவேலை என்று அஞ்சு அவர்களிடம் பெருமை அடித்து வைத்திருக்கிறாள். போன புதன்கிழமை என்னைக் கூட்டிப்போய் நடுவில் உட்கார வைத்து, கையில் ஊசியையும் நூலையும் கொடுத்துவிட்டார்கள். பெட்டி தூக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

இருபத்துநாலு வருஷமாக முன்கேட் கிறீச்சிட்டால் நீங்கள் பின்னலை ஊசியோடு என் மடியில் போட்டுவிட்டுப் பேப்பரை விரிப்பீர்கள். பள்ளிக்கூடம் விட்டு அஞ்சு வந்தாலும் அதேதான். வந்தவர் 'ஷியாமளக்க கையே கை' என்று சொல்லிவிட்டுப் போவார். பஞ்சாயத்துக் கண்காட்சியில் முதல் பரிசு சர்டிஃபிகேட்டைக்கூட நான்தான் வாங்கினேன். முன்னறையில் கண்ணாடி போட்டு மாட்டியும் வைத்தோம். அங்கே அது நமக்குள் ஒரு விளையாட்டாக இருந்தது. இங்கே அது பொய்யாகத் தெரிகிறது.

மகளிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடட்டுமா? உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன். ஒரு வரி எழுதினால் போதும்.

ஷியாமளா


கொல்லயில்
11.11.2024

அன்புள்ள ஷியாமளாவுக்குத் தாணு எழுதுவது.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் கடிதம் பதின்மூன்றாம் நாள் கிடைத்தது. ஐப்பசித் துலா மழை விடாமல் பெய்கிறது. தெற்குப் பக்கத்துத் தென்னையில் ஒரு மட்டை விழுந்து ஓடு இரண்டு உடைந்தது, மாற்றிவிட்டேன். கோழிகளைப் பக்கத்து வீட்டு விஜயம்மா பார்த்துக்கொள்கிறாள். மாத்திரை கிழமைப்படி நடக்கிறது.

நீ கேட்ட விஷயம். மணிக்கட்டு என்று சொன்னது புத்திசாலித்தனம். கிரேப் பேண்டேஜ் வாங்கிக் கட்டிக்கொள். கட்டு இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அஞ்சுவிடம் சொல்வது சரிப்படாது. யோசித்துப் பார். அவள் ரதீஷிடம் சொல்வாள். ரதீஷ் தன் அப்பாவிடம் சொல்வான். நம் சம்பந்தி கனகதாஸ் சார் பாறசாலையிலிருந்து காலை நடைக்குக் கிளம்பி யோசுவா சாயாக்கடை பெஞ்சில் வந்து உட்காரும்போது விஷயமும் கூடவே வந்து உட்காரும். ரிட்டயர்டு மலையாளம் வாத்தியார், ஒரு சொல்லைக்கூட விடாமல் சொல்வார். என்னை இந்த வருஷம் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குச் செக்ரட்டரியாகப் போட்டிருக்கிறார்கள். ஜனவரி 26-க்கு நான்தான் கொடி ஏற்ற வேண்டும்.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஓய்வு பெற்று வந்த முதல் மாதம் ஒரு நாள் முன்வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். 'எலே, பட்டாளத்துல அண்ணனுக்கு இதாக்கும் பணி' என்று ரோட்டில் போன பையன்கள் கூவினார்கள். மறுநாள் சாயாக்கடையில் என் கிளாஸுக்குப் பக்கத்தில் யாரோ இரண்டு கண்ணாடி வளையல் வைத்திருந்தார்கள். கடை முழுக்கச் சிரித்தது. குளிரில் கால்விரல் கறுத்து மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த கட்வால் மலைக்காரர் சைக்கிள் கம்பியைத் தீட்டி எனக்குப் பின்னச் சொல்லித் தந்தார். அந்த வார்டில் ஆறு ஆண்கள் பின்னினோம், ஒருவரும் சிரிக்கவில்லை. இதை இந்த ஊரில் யாரிடம் விளக்குவது?

ஆகவே வேறு வழி சொல்கிறேன். நீயே கற்றுக்கொள். பெரிய கடினம் இல்லை. முதலில் ஊசியில் இருபது கண்ணி ஏற்று. கண்ணிக்குள் முன்பக்கமிருந்து ஊசியை விட்டு நூலை இழுத்தால் பட்டாளத்து இந்தியில் சீதா, நேர் பின்னல். பின்பக்கமிருந்து வந்தால் உல்டா, புரட்டுப் பின்னல். படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நூலை இறுக்கிப் பிடிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். காது மூடாமல் வெளியே போகாதே.

தாணு


டண்டி
27.11.2024

அஞ்சுவின் அப்பாவுக்கு,

காது மூடித்தான் போகிறேன், உங்கள் குரங்குக் குல்லாவால். சுகமா என்று கேட்டால் சுகம். கேட்காவிட்டால் இப்படி.

நீங்கள் சொன்னபடி கட்டுப் போட்டேன். மகள் நர்ஸ் என்பது நம் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. கட்டைப் பார்த்த அன்றைக்கே அவிழ்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் பிசியோதெரபி பார்க்கும் ஜோஸ்னாவைக் கூட்டி வந்துவிட்டாள். நம் ஊர்ப் பக்கம் காட்டாக்கடைக்காரப் பெண், நல்ல பிள்ளை. தினமும் மூன்று வேளை ஒரு ரப்பர் பந்தை முப்பது முறை அமுக்கச் சொல்லியிருக்கிறாள். அமுக்குகிறேன். போன சனிக்கிழமை வந்து, 'ஆன்ட்டி, கரெக்டா எவ்விடயாக்கும் வேதனை?' என்று கேட்டாள். நான் இடது கையைக் காட்டினேன். கட்டு வலது கையில் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பந்தை இடது கைக்கு மாற்றித் தந்தாள். அந்தப் பெண் ஏதாவது சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நிறைமாதத்தில் நிற்கும் மகள் எனக்குத் தைலம் தடவுகிறாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

உங்கள் படத்தைப் பார்த்துக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். இருபது கண்ணி ஏற்றினேன், எண்ணினால் பதினேழு. பிறகு பதினொன்று. பிறகு ஊசி மட்டும்.

புதன்கிழமைக் கூட்டத்தில் ஒரு பாட்டி அஞ்சுவின் கையுறையைக் காட்டி, இந்தக் கட்டைவிரல் மூட்டு எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது என்று கேட்டாள். அஞ்சு மொழிபெயர்த்தாள். உங்கள் வாயில் கேட்டுக் கேட்டுப் பழகியதால் 'சீதா, உல்டா' என்றேன். எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இப்போது என்னைக் கண்டால் 'சீதா உல்டா' என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நேற்று முதல் பனி விழுந்தது. அரைமணி நேரம் ஜன்னலை விட்டு நகரவில்லை. தேங்காய் துருவிப் போட்ட மாதிரி ரோடெல்லாம். நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது, கோபத்தோடுதான்.

நான் கேட்ட ஒரு வரி இன்னும் வரவில்லை.

ஷியாமளா


கொல்லயில்
11.12.2024

அன்புள்ள ஷியாமளாவுக்கு,

சுகம். உன் கடிதம் கண்டு வருத்தம்.

கட்டைவிரல் மூட்டு பற்றி அந்த அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. அது சாதாரண வேலை இல்லை. உள்ளங்கைப் பக்கம் இரண்டு வரிசைக்கு ஒரு முறை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்ட வேண்டும். பதினைந்து ஆனதும் அவற்றைத் தனி நூலில் கோத்து நிறுத்திவிட்டு, கையை முடித்த பிறகு விரலுக்குத் திரும்ப வேண்டும். மூலையில் ஓட்டை விழும். அதற்குப் பக்கத்துக் கண்ணியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்வேன். இதைக் கவனித்தார்களா? இருபத்துநாலு வருஷத்தில் யாரும் கவனித்ததில்லை. அவர்களிடம் இதைச் சொல்.

இங்கே ஒரு சின்ன விபத்து. பயப்படாதே. குழந்தைக்கு மஞ்சள் ஸ்வெட்டர் முடிக்கும் கட்டத்தில் இருந்தேன். நீ இல்லாததை மறந்து, கேட் சத்தம் கேட்டதும் கை பழக்கத்தில் பக்கத்து நாற்காலியில் போட்டேன். அங்கே மடி இல்லை. கனகதாஸ் சார் உள்ளே வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானே அதன்மேல் உட்கார்ந்தேன். ஊசி தொடையில் ஏறிவிட்டது. அவர் இருபது நிமிஷம் தன் பென்ஷனர் சங்கத்துச் சந்தா பற்றிப் பேசினார், நான் அசையாமல் கேட்டேன். பிறகு ஹெல்த் சென்டருக்குப் போய் ஆணி குத்தியது என்று ஜிஜா சிஸ்டரிடம் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். 'ஆணி இம்புட்டு வெடிப்பாட்டு, வட்டமா குத்துமா சேட்டா?' என்று கேட்டாள்.

ஸ்வெட்டரில் ரத்தம் படவில்லை. பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிரசவ நேரத்தில் மற்றக் கவலை வேண்டாம். எல்லாம் பிறகு பார்க்கலாம்.

தாணு


டண்டி
27.12.2024

அஞ்சுவின் அப்பாவுக்கு,

தாயும் பிள்ளையும் நலம். அதை ஃபோனில் கேட்டுவிட்டீர்கள். பேத்தி பாதி நேரம் தூக்கம், பாதி நேரம் அதிகாரம், உங்கள் வழிதான். இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கட்டக் கறுப்புச் சரடு எடுத்து வந்திருக்கிறேன். மஞ்சள் ஸ்வெட்டர் கொஞ்சம் பெரிது. மார்ச்சுக்குச் சரியாகும். ஹெல்த் சென்டர் கதை படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, மடி இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை மறுபடி படித்தேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஃபோனில் சொல்ல முடியாதது ஒன்று. புதன்கிழமைக் கூட்டத்துப் பெண்கள் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் மூத்தவள் ஜீன், எண்பது வயது. ஒரு பையைக் கொண்டு வந்தாள். உள்ளே கடல்நீலத்தில் ஒரு ஸ்வெட்டர். உடம்பு முடிந்திருக்கிறது, ஒரு கை முடிந்திருக்கிறது, மற்றக் கை தோளுக்குக் கீழே நான்கு விரல் அளவில் நிற்கிறது. அவள் புருஷன் டேவி பின்னியது. மீன்பிடிக்காரர். போன மாசி மாதம் இறந்துவிட்டார். பாதியில் நின்றதை முடிக்க அவள் இதுவரை யாரையும் தொடவிடவில்லை. ரதீஷின் ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தக் கை என் டேவியின் கை மாதிரியே இறுக்கமாகப் பின்னுகிறது, நீ முடித்துத் தா என்றாள். அதை எனக்கு மொழிபெயர்க்கும்போதே அஞ்சுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாங்கிவிட்டேன். வேறு என்ன செய்ய? மணிக்கட்டு சரியானதும் செய்கிறேன் என்றேன். இப்போது அது என் அலமாரியில் இருக்கிறது. அலமாரியைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்த டேவி படத்தையும் காட்டினாள். உங்களைவிட உயரம், கதவு போல நெஞ்சு. துறைமுகச் சுவரில் உட்கார்ந்து பின்னுகிறார், சுற்றிலும் பத்து மீன்பிடிக்காரர்கள் நிற்கிறார்கள். யார் மடியிலும் போட்டதாகத் தெரியவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. இது நம் விளையாட்டு அல்ல, இன்னொருத்தியின் இழவு. சொல்லிவிடட்டுமா?

ஷியாமளா


கொல்லயில்
9.1.2025

அன்புள்ள ஷியாமளாவுக்கு,

சுகம். யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஜோஸ்னா இருபதாம் தேதிக்கு மேல் லீவில் ஊருக்கு வருகிறாள் என்று அஞ்சு சொன்னாள். அந்த ஸ்வெட்டரையும் மிச்ச நூலையும் நன்றாகப் பொதிந்து அவளிடம் கொடுத்தனுப்பு. எட்டு நாளில் கையை முடித்து அவளிடமே திருப்பித் தருகிறேன். நீ முடித்ததாகச் சொல்லிவிடலாம். அந்த அம்மாவின் மனமும் நிறையும், யாருக்கும் தெரியவும் வராது.

தோள் பக்கம் எத்தனை கண்ணி நிற்கிறது என்று எண்ணி எழுது. நீ தொடாதே.

தாணு


டண்டி
12.2.2025

அஞ்சுவின் அப்பாவுக்கு,

நலம் கேட்டு எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் கேட்கிறேன், சுகமா?

ஒன்றரை மாதமாக நான் எழுதவில்லை என்று உங்களுக்குத் தெரியும். வீடியோவில் ஒவ்வொரு நாளும் 'பின்ன, விசேஷம் வல்லதும் உண்டா?' என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை என்றேன். கொடி ஏற்றின படம் கண்டேன். நெஞ்சு நிமிர்த்தி நன்றாக இருந்தீர்கள்.

ஸ்வெட்டரை ஜோஸ்னாவிடம் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று, பகலில் அஞ்சுவும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணி எண்ணி எழுதச் சொன்னீர்களே, எண்ணத்தான் எடுத்தேன். அந்தக் கண்ணிகளை டேவி ஒரு ஊசியில் விட்டிருந்தார். எண்ணும்போது ஊசி உருவி என் கையோடு வந்துவிட்டது. பயந்துபோய்த் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தேன். எந்தப் பக்கம் இழுத்தால் நிற்கும், எந்தப் பக்கம் இழுத்தால் பிரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? குரங்கு கைப் பூமாலைதான். நான்கு விரல் அளவு கையும் போய், தோளும் கொஞ்சம் பிரிந்து, செத்துப்போன மனிதரின் வேலை என் மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது.

சுருட்டிப் பெட்டிக்குள் திணித்து இரண்டு வாரம் ஒளித்து வைத்தேன். போன புதன்கிழமை ஜீன் வீட்டுக்கே வந்து பார்க்கக் கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? எடுத்துக் கொடுத்தேன். என் அலட்சியத்தால் போயிற்று என்றேன். அவள் திட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பிரிந்த நூலை உருண்டையாகச் சுற்றினாள். சுற்றி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. நான் எதிரில் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கால்மணி நேரம் வந்ததில்லை.

அவள் போன பிறகு அஞ்சு கேட்டாள், 'அம்மா, இத்தன பின்னின ஆளுக்கு ஒரு மரிச்ச மனுஷனுக்க சாதனத்த பத்திரமாட்டு சூட்சிக்கத் தெரியல்லியா? எனக்கு அவங்க முன்னாடி நாணக்கேடாப் போச்சு.' இரண்டு நாள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். பிள்ளையைக் குளிப்பாட்ட என்னைக் கூப்பிடவில்லை.

அப்போதும் உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. பின்னத் தெரியாதவள் என்று சொல்லியிருந்தால் மகள் மன்னித்திருப்பாள். தெரிந்தவள் கெடுத்தாள் என்றால் எப்படி மன்னிப்பாள்?

இனி உங்களிடம் சம்மதம் கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஷியாமளா


கொல்லயில்
26.2.2025

ஷியாமளா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. முதல் தடவை படித்தபோது பிரிந்த தோளை எப்படிச் சரிசெய்வது என்றுதான் மனம் போயிற்று. இரண்டாம் தடவைதான் நீ கால்மணி நேரம் நின்றது கண்ணில் பட்டது. அப்படிப்பட்டவன் நான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அஞ்சுவை மூன்று முறை ஃபோனில் கூப்பிட்டேன். மூன்று முறையும் பிள்ளை தூங்கினாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாய் வரவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எனக்கு மலையாளம் எழுத வராது. எழுதித் தர ஒருவர் வேண்டும். விஜயம்மாவின் மகளைக் கேட்டிருக்கலாம். ஆனால் அதுவும் ஒளிவதுதான் என்று பட்டது. காலையில் நேராகக் கனகதாஸ் சார் வீட்டுக்குப் போனேன்.

'சார், ஒரு கடுதாசி எழுதித் தரணும். அஞ்சுக்கு, மலையாளத்துல.'

'ஃபோன் உண்டல்லோ தாணு?'

'ஃபோன்ல வாய் வரல்ல சார்.'

பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். சம்பந்தியம்மா சாயாவோடு வந்து கதவருகே நின்றாள். நான் சொல்லச் சொல்ல எழுதினார். 'மகளே, உன் அம்மாவுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. நீ போட்டிருப்பதெல்லாம் நான் பின்னியது.' அங்கே பேனா நின்றது.

'ஆரு பின்னினது?'

'நானாக்கும்.'

பனிக்குக் கழுத்தில் சுற்றியிருந்த மஃப்ளரை மெல்ல அவிழ்த்தார். 'இதோ?'

'அதும்.'

'அஞ்சாறு வருஷமாட்டு ஷியாமளக்க கைவேலைன்னு காண்பவங்ககிட்ட எல்லாம் பறஞ்சோண்டு நடக்குதேன். என்ன மண்டனாக்கியாச்சு, இல்லியா?' என்றார். மஃப்ளரை மடித்து மேசையில் வைத்துவிட்டு, 'பறயும், எழுதுதேன்' என்றார். மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். 'அந்த ஸ்வெட்டர் பிரிந்ததற்கு உன் அம்மா காரணம் அல்ல, நான்தான்' என்றும் எழுதச் சொன்னேன். சம்பந்தியம்மா உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கடிதம் இத்துடன் இருக்கிறது. நீ பிரிக்காமல் அஞ்சுவிடம் கொடு.

சாயங்காலத்துக்குள் விஷயம் யோசுவா கடைக்கு வந்துவிட்டது. நான் பயந்தபடியே சிரித்தார்கள். 'சுபேதாரே, எனக்க பேத்திக்கு ஒரு குல்லா' என்று ஒருவன் கேட்டான். காது எரிந்தது. எழுந்து ஓடாமல் சாயாவைக் குடித்து முடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா உன்னை அங்கே ஒரு கிழவியின் முன்னால் நிறுத்தினேன்? ஊர் சிரித்தது எனக்கு இப்போது வெட்கமாக இல்லை. உன்னைப் புகழ்ந்தபோதெல்லாம் உள்ளுக்குள் நான் வாங்கிக்கொண்டேன், பயத்தை மட்டும் உன் மடியில் போட்டேன். அதுதான் வெட்கம்.

தாணு


டண்டி
13.3.2025

அஞ்சுவின் அப்பாவுக்கு,

சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம்.

கடிதத்தை அஞ்சுவிடம் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய் நின்றுகொண்டேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு வந்து கேட்டாள்:

'அப்போ மணிக்கட்டு?'

'பொய்.'

'எடது கை?'

'அதும் பொய்.'

'அம்மோ, நான் தைலம் தேச்சேனே!' என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துப் பிள்ளை எழுந்துவிட்டது. அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். 'நான் அன்னைக்கு அங்ஙன பேசீட்டேனே அம்மா' என்றாள். உங்கள்மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை. 'பின்னினத மறச்சதுக்கு இல்ல. அம்மைய இப்பிடி விட்டதுக்காக்கும்' என்றாள். அவள் ஃபோன் பண்ணாமல் இருந்தால் அதுதான் காரணம். நீங்கள் கூப்பிடுங்கள். பிள்ளை தூங்கினாளா என்று மட்டும் கேட்காதீர்கள்.

புதன்கிழமை நானே கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொஞ்சம், மிச்சத்தை அஞ்சு சொன்னாள். ஜீன் தன் பின்னலைக் கீழே வைத்தாள். பிறகு பையிலிருந்து தடித்த ஊசி இரண்டை எடுத்து என் கையில் தந்துவிட்டு, என் பின்னால் வந்து நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே, அதற்குத்தானே இந்தக் கூட்டம் என்றாள். எண்பது வயதுக் கை, ஆனால் நல்ல சூடு.

டேவியின் ஸ்வெட்டரையும் நூல் உருண்டையையும் மறுபடி என்னிடம் தந்திருக்கிறாள். உன் வீட்டுக்காரர் செய்யட்டும், ஆனால் ஒரு கை மற்றக் கையைவிட நன்றாக வந்துவிடக் கூடாது, டேவிக்குப் பிடிக்காது என்றாள். ஏப்ரல் எட்டாம் தேதி விமானத்தில் கொண்டு வருகிறேன். அந்த ஊர் மாம்பழ வெயிலில் உட்கார்ந்து நீங்கள் கம்பளிக் கை பின்ன வேண்டும்.

இத்துடன் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். ஒரு சாண் நீளம், அகலம் ஒரு பக்கம் நான்கு விரல், இன்னொரு பக்கம் மூன்று. என்னவென்று கேட்காதீர்கள், ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் என் கையால் பின்னிய முதல் சாமான். மூன்று இடத்தில் கண்ணி விழுந்திருக்கிறது, எனக்கே தெரியும். நீங்கள் ஊசியை எடுத்துக்கொண்டு அதைத் திருத்த வரக் கூடாது.

என் கோபம் பாதி ஆறிவிட்டது. மிச்சம் ஆறினால் சொல்கிறேன்.

ஷியாமளா


கொல்லயில்
27.3.2025

அன்புள்ள ஷியாமளாவுக்கு,

சுகம். வெயில் தொடங்கிவிட்டது. மாத்திரை கிழமைப்படி. அஞ்சுவைக் கூப்பிட்டேன். கடிதத்தில் எழுதியதை வாயால் ஒரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். வைக்கும்போது, 'அப்பா, மாத்திர தின்னாச்சா?' என்று கேட்டாள். அதுவே எனக்குப் போதும்.

உன் துண்டு வந்தது. விழுந்த கண்ணி மூன்றல்ல, ஐந்து. ஊசியை எடுத்தது உண்மை. எடுத்து வைத்துவிட்டேன்.

பஞ்சாயத்து சர்டிஃபிகேட்டைச் சுவரிலிருந்து இறக்கி அலமாரியில் வைத்தேன். அந்த ஆணி சும்மா இருக்கிறது. அதில் என்ன மாட்டுவது என்று நீ வந்து சொல்.

இப்போது காலையில் பின்னலை எடுத்துக்கொண்டுதான் யோசுவா கடைக்குப் போகிறேன். முதல் இரண்டு நாள் கண்ணி தவறியது. பேச்சும் கேலியும் உண்டு. கனகதாஸ் சார் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், என்னிடம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் மஃப்ளரைக் கழுத்தில் போட்டிருக்கிறார்.

நேற்று சட்டைப் பையிலிருந்து உன் துண்டு பெஞ்சில் விழுந்துவிட்டது. யோசுவா எடுத்து விரித்துப் பார்த்தான். 'இதென்ன சுபேதாரே, கோணலாட்டு இருக்கு? கை தப்பியாச்சா?' என்று கேட்டான். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

'அது எனக்க வீட்டுக்காரி பின்னினதாக்கும். இதுவரைக்கும் அவ பின்னினது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நான்.'

தாணு